கேட்பாரற்ற கபடிப் பை

எங்கள் ஊரில் விளையாட்டை வளர்த்தது சாராயக்கடை. முகத்தைச் சுளிக்க வேண்டாம், உள்ளதைத்தான் சொல்கிறேன். புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் ஏரித்தண்ணீர் பாயும் கடைசி ஊர்களில் ஒன்று எங்களுடையது. ஊர் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் தலைவர்தான் சாராயக்கடையை வருடா வருடம் ஏலம் எடுப்பவர். கோப்பை அவருடையது, பனியன் அவருடையது, ஜெயித்தால் பிரியாணி அவருடையது, தோற்றாலும் பிரியாணி அவருடையது. பனியனின் முதுகில் எங்கள் நம்பர், மார்பில் அவர் படம். பதினைந்து வயதுப் பெண்ணின் மார்பில் ஐம்பது வயது ஆள் மீசையோடு சிரித்துக்கொண்டிருப்பதைப் பற்றி அப்போது ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எனக்கு இப்போது தோன்றுகிறது.

பெண்கள் அணி என்று ஒன்று வந்ததே பையன்கள் செய்த புண்ணியம். எங்கள் பையன்கள் போன ஊரிலெல்லாம் நடுவரை அடித்துவிட்டு வருவார்கள். எதிராளியின் காலைப் பிடிக்கத் தெரியாதவன்கூட நடுவரின் சட்டையை மட்டும் சரியாகப் பிடிப்பான். கடைசியில் நெட்டப்பாக்கத்திலிருந்து மதகடிப்பட்டு வரைக்கும் ஒரு போட்டியிலும் சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். தலைவரிடம் பனியன் இருந்தது, பேனர் இருந்தது, ஆட ஆள் இல்லை. அப்போதுதான் ஊரில் பெண் பிள்ளைகள் என்று ஓர் இனம் நடமாடுவது அவர் கண்ணில் பட்டது. பையன்களின் பனியன்களையே துவைத்து எங்களிடம் கொடுத்தார்கள்.

என்னைச் சேர்த்தது திறமைக்காக அல்ல, எடைக்காக. "இது காலைப் புடிச்சா எவ ஓடுவா?" என்று தலைவர் என் அம்மாவின் முன்னாலேயே சொன்னார். அம்மா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அவருக்குக் காபி கொடுத்தாள். கார்னரில் நிற்க வேண்டும், உள்ளே வருகிறவளின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆட்டம். உட்காருவது எனக்குப் பிறவியிலேயே வந்த கலை.

ஆனால் எங்கள் ரெய்டர் வேறு ரகம். என் வகுப்புதான். ஆள் ஒல்லி, தோளும் முட்டியும் துருத்திக்கொண்டு நிற்கும். நடந்து வரும்போது பார்த்தால் காற்றடித்தால் விழுந்துவிடுவாள் என்று தோன்றும். நடுக்கோட்டைத் தாண்டிவிட்டால் அவளைக் கையில் பிடிக்க முடியாது. மற்றவர்கள் கபடி கபடி என்று கத்துவார்கள், இவள் யாருக்கோ ரகசியம் சொல்வதுபோல முணுமுணுத்துக்கொண்டே போவாள். எதிர் அணிப் பெண்கள் என்ன சொல்கிறாள் என்று காதைக் கொடுப்பதற்குள் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருப்பாள். திரும்பி வந்து மூக்கைச் சிந்திவிட்டு நிற்பாள். அலட்டல் என்பது அவளிடம் துளியும் கிடையாது.

அவளுக்குக் கபடி வெறும் விளையாட்டு இல்லை. அவள் அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். அக்கா பத்தாவது முடித்ததும் சோப்பு கம்பெனிக்குப் போய்விட்டாள். காலையில் கம்பெனி பஸ் வரும், ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கால் வீங்கிப்போன பெண்களை இறக்கிவிட்டுப் போகும். பத்தாவது முடித்தால் நீயும் அதே பஸ்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். "அந்த பஸ்ஸைக் கண்டாலே எனுக்கு வாந்தி வருதுடி" என்பாள். அவள் மேலே படிக்க வேண்டும் என்றால் அவளிடம் இருந்த ஒரே வழி அந்த இரண்டு கால்கள்தான்.

அந்த வருடம் பொங்கலையொட்டி, எல்லைக்கு அந்தப் பக்கம், கடலூர் மாவட்டத்து ஊர் ஒன்றில் பெண்கள் கபடி நடத்தினார்கள். அரை இறுதியில் எங்கள் ரெய்டர் ஆடிய ஆட்டத்தை அங்கே ஒரு மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு தனியார் பள்ளியின் கபடி கோச். ஆட்டம் முடிந்ததும் அவளைக் கூப்பிட்டார், கூடவே வந்திருந்த அவள் அப்பாவையும் கூப்பிட்டார். "ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ ரெண்டு வருஷமும் படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் ஃப்ரீ. ஆனா ஃபைனல்ல இன்னொரு தடவ இவ ஆட்டத்தப் பாத்துட்டுதான் சொல்லுவேன்" என்றார். அப்பா தலையைச் சொறிந்தார். வரும் வழியில் மகளிடம், "மேடம் சேத்துக்கினா போ. நான் இன்னா வாணான்னா சொல்லப் போறேன்?" என்றார். அந்த ஒரு வாரம் அவள் என்னைத் தூங்கவிடவில்லை. விடிந்ததும் வாசலில் வந்து நிற்பாள், அறுத்துப் போட்ட வயலுக்கு இழுத்துக்கொண்டு போவாள், "புடிடி, கால புடிடி" என்று கணுக்காலை நீட்டுவாள். பிடித்துப் பிடித்து அவள் தோல் உரிந்தது, என் முழங்கை உரிந்தது.

ஃபைனல் காணும் பொங்கல் அன்று. இங்கே எங்கள் பக்கத்துச் சங்கதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. பெண் கொடுத்ததும் அங்கே, பெண் எடுத்ததும் அங்கே. காணும் பொங்கலுக்கு உறவைப் பார்க்கப் போகிற பெண்கள் கரும்பும் வாழைப்பழமும் எடுத்துப் போவார்கள். ஆண்கள் மச்சானுக்கும் சம்பந்திக்கும் பாட்டில் எடுத்துப் போவார்கள். எங்களிடம் எது மலிவோ அதைத்தானே கொண்டுபோக முடியும்? அந்தப் பக்கத்து மாப்பிள்ளைகள் வருடம் முழுக்க எங்கள் ஊர் மேல் வைத்திருக்கும் பாசம் அந்த ஒரு நாளில்தான் முழுசாகத் தெரியும். மற்ற வருடங்களில் சைக்கிளில் வரப்பு வழியாகக் கமுக்கமாகப் போய்விடுவார்கள். அந்த வருடம் ஃபைனலுக்கு வேன் பிடித்திருந்தார்கள். வேன் வரப்பில் போகாது. மெயின் ரோட்டில் போனால் நடுவில் செக்போஸ்ட்.

அரை இறுதிக்கு எங்களோடு வந்தவர்கள் தலைவரும் ரெய்டரின் அப்பாவும் மட்டும்தான். ஃபைனலுக்குப் பிள்ளைகளுக்குத் துணை என்று பத்து ஆண்கள் வேனில் ஏறினார்கள். என் அப்பாவும் ஏறினார். நான் எந்த விளையாட்டு ஆடுகிறேன் என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும் என்று நினைக்கிறேன். அணியின் பெரிய பையை எப்போதும் நான்தான் தூக்குவேன். அன்று தூக்கப் போனால் தலைவர், "நீ வுடும்மா. ஆடற புள்ள, ஒடம்ப பாத்துக்க" என்று தானே தூக்கி வேனில் வைத்தார். தன் வீட்டுத் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்கியறியாத மனிதர். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். நானோ, ஃபைனல் வரை வந்துவிட்டதால் மரியாதை கிடைக்கிறது என்று பூரித்துப் போனேன்.

செக்போஸ்டில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். வேனின் நெற்றியில் தலைவர் சிரிக்கும் பேனர். "கேர்ள்ஸ் கபடி டீம் சார், ஃபைனலுக்குப் போறோம்" என்றார் டிரைவர். போலீஸ்காரர் எங்களை எட்டிப் பார்த்துச் சிரித்து, போ என்று கையசைத்தார். போயிருக்கலாம். டிரைவர் சந்தோஷத்தில் எதிரே இருந்த வேகத்தடையைக் கவனிக்காமல் ஏற்றினார். வேன் தூக்கிப் போட்டது. பைக்குள் ஏதோ உடைந்தது. அடுத்த நிமிடம் வேன் முழுக்க எங்கள் ஊர் சாராயக்கடை வாசம்.

மறுபடியும் நிறுத்தினார்கள். எஸ்.ஐ. வந்தார். பையின் அடியிலிருந்து சொட்டுவதைப் பார்த்தார். "இன்னாய்யா இது?" என்றார். "புள்ளைங்களுக்கு சுளுக்கு புடிச்சா தடவற தைலம் சார்" என்றார் தலைவர். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு அசைவு இல்லை. எஸ்.ஐ. பைக்குக் கையை நீட்டினார். "பொம்பளப் புள்ளைங்க துணிமணி சார் அதுல" என்று தலைவர் குரலைத் தாழ்த்தினார். எஸ்.ஐ. கையை இழுத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்குத் திட்டம் புரிந்தது. பெண்கள் பையை எவனும் தொட மாட்டான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு ஒரு அணி வைத்துக் கொடுத்ததற்கு ஊர் கண்டுபிடித்த உபயோகம் அது. ஆனால் பெண் போலீஸ் என்று ஒரு ஜீவன் உலகத்தில் இருப்பது தலைவரின் கணக்கில் இல்லை. அந்த அம்மா ஷெட்டுக்குள் உட்கார்ந்து கரும்பு தின்றுகொண்டிருந்தார். எஸ்.ஐ. கூப்பிட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

பனியன்களை ஒவ்வொன்றாக விரித்தார். ஒவ்வொன்றுக்குள்ளும் குழந்தையைச் சுற்றி வைத்ததுபோல ஒரு பாட்டில். சத்தம் வரக் கூடாது என்று முட்டிக்குப் போடுகிற நீ-கேப்புகளை எல்லாம் பாட்டிலுக்கு மாட்டியிருந்தார்கள். நாங்கள் கேட்டுக் கேட்டு அந்த மாதம்தான் வாங்கிக் கொடுத்த கேப்புகள். என் பனியன் பெரிது, அதில் மூன்று. உடைந்த பாட்டில் எங்கள் ரெய்டரின் பனியனுக்குள் இருந்தது. பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும்போல நனைந்து கிடந்தது. அவள் அதை வாங்கி, கண்ணாடித் துண்டுகளை உதறிவிட்டு, வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு மணிக்கு ஆட்டம்.

எஸ்.ஐ. நல்ல மனிதர். "ஏன்யா, இத்தன பேரு மீசைய வெச்சிக்கினு நிக்கிறீங்க. யாருதுன்னு ஒருத்தன் வாயத் தொறங்க. அவன் மேல கேஸ போட்டு இங்க உக்கார வெச்சிக்கிறேன். சாயங்காலம் ஜாமீன்ல போயிடுவான். புள்ளைங்க மேட்சுக்குப் போவட்டும்" என்றார். இதைவிட நியாயமாக எந்தப் போலீஸ்காரரும் பேச முடியாது. பத்துப் பேரும் ஒரே நேரத்தில் ரோட்டோரப் புளியமரத்தைப் பார்த்தார்கள். வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி பத்து வாய்.

தலைவர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அந்தக் காலத்தில் ஊரிலேயே அவரிடம் மட்டும்தான் செல்போன். "அண்ணே, வணக்கம்ணே, ஒரு சின்ன விசயம்ணே" என்றார். மேலிடத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று எங்களுக்குக் கையைக் காட்டினார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் காதில் போன் மணி அடித்தது. பெண் போலீஸ் அம்மா முந்தானைபோலக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

பிறகு வேனுக்குப் பின்னால் ஆண்கள் கூடிப் பேசினார்கள். ஜன்னலோரம் இருந்த எங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. என் அப்பா, "எனக்கு கவர்மென்ட்டு வேல. கேஸ் ஆச்சுன்னா வேலைக்கே உலை வெச்சிடுவானுங்க" என்றார். ஒருவருக்குப் பையனுக்குப் பெண் பார்க்கிறார்களாம். ஒருவர், மலைக்குப் போய்விட்டு வந்து மாலையைக் கழற்றியதே நேற்றுதானாம், அதற்குள் கேசா என்றார். தலைவர், தான் உள்ளே போனால் கிளப்பை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். கடைசியில் எல்லோர் முகமும் ரெய்டரின் அப்பா பக்கம் திரும்பியது. "உம் பொண்ணு விசயந்தானப்பா இது. நீ ஒத்துக்கயேன்" என்றார் தலைவர்.

"ரெண்டே ரெண்டு குவார்ட்டரு வெச்சவன் நானு" என்றார் அவர். "பெட்டியோட வெச்சவன்லாம் நிக்கிறான். எல்லாத்துக்கும் சேத்து நான் இன்னாத்துக்குத் தலைய குடுக்கணும்?" பேச்சில் நியாயம் இருந்தது. இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

எங்கள் ரெய்டர் வேனிலிருந்து இறங்கி அவரிடம் போனாள். ஈரப் பனியன் கையில் இருந்தது. "நைனா, உன்னுது ரெண்ட மட்டும் உன்னுதுன்னு சொல்லு நைனா. மத்தத வுடு. அந்த சாரு ஒண்ணும் பண்ண மாட்டாரு. எனுக்கு மேட்சு நைனா." அவர் வேட்டியை அவிழ்த்து மறுபடி கட்டினார். "சொல்லு நைனா. மேடம் போயிடுவாங்க." அவர் புளியமரத்தையே பார்த்தார். அவள் அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்றாள். அவர் கழுத்தைத் திருப்பிக்கொண்டார். 

எனக்குப் பொறுக்கவில்லை. வேனிலிருந்தே கத்தினேன். "எல்லாருதும்தான் சார்! பச்ச மூடி போட்டது எங்கப்பாவுது சார்! எங்க வூட்டு அலமாரில பாத்துருக்கேன்!" அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போயிருக்க வேண்டும். "சின்ன புள்ள சார், பயந்துபோய் ஒளறுது" என்றார். எஸ்.ஐ. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "சரிம்மா, எல்லாரையும் உக்கார வெச்சிடறேன். வேன யாரு ஓட்டுவா?" என்று கேட்டார். டிரைவரைப் பார்த்தேன். டிரைவரும் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடையதும் பையில் இருந்திருக்கிறது.

நேரம் போனது. பொங்கல் கூட்டத்தை அடைத்துக்கொண்டு பஸ் மேல் பஸ்ஸாகப் போனது. ஒவ்வொரு பஸ்ஸிலும் எங்கள் ஊருக்கு உறவு ஒன்றாவது இருக்கும். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, செக்போஸ்ட் மேசையில் வரிசையாக நிற்கும் பாட்டில்களையும் பக்கத்தில் நிற்கும் எங்களையும் பார்த்துக்கொண்டே போனார்கள். கடைசியில் அந்தப் பெண் போலீஸ் அம்மாதான், "சார், இவனுங்க இந்த ஜென்மத்துல சொல்ல மாட்டானுங்க. புள்ளைங்க மூஞ்சப் பாருங்க, வுட்டுடுங்க சார்" என்றார். எஸ்.ஐ. காறித் துப்பினார். பாட்டில்கள் ரோட்டோரம் கேட்பாரற்றுக் கிடந்தன என்று எழுதிக்கொள்வதாகச் சொன்னார். பெற்ற அப்பன்கள் பக்கத்திலேயே நிற்க, அத்தனை பாட்டிலும் அனாதையாயின. பத்துப் பேரும் கும்பிடு போட்டுவிட்டு முதல் ஆளாக வேனில் ஏறினார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த ஊர் மைக்கில், புதுச்சேரி அணி வராத காரணத்தால் என்று சொல்லி முடித்திருந்தார்கள். எதிர் அணி கோப்பையை வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. மேடம் ஸ்கூட்டியில் சாவியைப் போட்டுவிட்டார். எங்கள் ரெய்டர் ஓடிப்போய் முன் சக்கரத்துக்கு நேராக நின்றாள்.

"மேடம், ஒரே ஒரு ரெய்டு பாருங்க மேடம்."

"மணி இன்னா ஆச்சு தெரியுமா? உம்மேல இன்னாது இது வாசன?"

"பிராந்தி மேடம். நான் குடிக்கல. எங்க ஊரு ஆளுங்க எங்க பையில வெச்சி எடுத்தாந்தாங்க. போலீசு புடிச்சிட்டாங்க."

மேடம் சாவியைக் கழற்றினார். வண்டியை விட்டு இறங்கினார். "சரி, போ. எதுக்க யாரு நிப்பா?" என்றார்.

எதிரே நிற்க எங்களை விட்டால் ஆள் ஏது? எங்கள் அணியே அவளுக்கு எதிராக நின்றது. அங்கேதான் நாங்கள் எங்கள் புத்தியைக் காட்டினோம். நம் ரெய்டர் ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதானே? அவள் உள்ளே வந்து ஒருத்தியின் தோளில் விரலை வைத்தாள். அந்த ஒருத்தி வாழைமரம்போலச் சாய்ந்தாள். பக்கத்தில் இருந்தவளை இன்னும் தொடக்கூட இல்லை, அவளும் விழுந்தாள். நான் கையை உயர்த்தி, ஐயோ என்று சொல்லிக்கொண்டே மல்லாந்தேன். "நாடகத்துல சாவுறவன்கூட ரெண்டு நிமிசம் துடிப்பான்டி!" என்று மேடம் கத்தினார். சாவியை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் திரும்பினார்.

எங்கள் ரெய்டர் அழுதுவிட்டாள். போலீசிடம் அழாதவள், அப்பாவிடம் அழாதவள், எங்களைப் பார்த்து அழுதாள். "பாழாப் போனவளுங்களா, புடிங்கடி! எம்மேல பாசம் இருந்தா என்னப் புடிங்கடி!" என்றாள். மேடம் நின்றார்.

இரண்டாவது முறை நிஜமாகப் பிடித்தோம். அவள் போனஸ் கோட்டைத் தொட்டுத் திரும்பும்போது நான் பாய்ந்து கணுக்காலைப் பிடித்து, எனக்குத் தெரிந்த ஒரே வித்தையான உட்காருவதைச் செய்தேன். என் மேல் இன்னும் நான்கு பேர் விழுந்தார்கள். அடியில் அவள். அந்த முணுமுணுப்பு மட்டும் நிற்கவில்லை. கபடி கபடி என்று நூல்போலக் குரல், கை முன்னால் நீண்டு மண்ணைப் பறண்டுகிறது. எங்கள் ஐந்து பேரையும் இழுத்துக்கொண்டு போனாள். என் கன்னம் தரையில் தேய்ந்துகொண்டே போனது. அவள் விரல் நடுக்கோட்டில் பட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். நான் ஒழுங்காக ஆடிய ஒரே ஆட்டம் அது. அதில் தோற்றதற்குச் சந்தோஷத்தில் விசில் அடித்தேன்.

"ஜூன்ல வந்து சேந்துடு" என்றார் மேடம். "அப்பா எங்க?"

அவள் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையைக் கட்டிக்கொண்டார். போலீசுக்கு முன்னால் மூடியிருந்த வாய் அப்போது திறந்தது.

"வாணாங்க மேடம்" என்றார். "போலீசு வரைக்கும் போயாச்சு. நடு ரோட்டுல நிக்க வெச்சிட்டானுங்க. ஒறவுக்காரன்லாம் பஸ்ஸுல போவ சொல்ல பாத்துட்டுப் போறான். பொட்டப் புள்ள பேரு கெட்டுப் போச்சு. இதுக்கு மேல கபடியும் வாணாம், ஒண்ணும் வாணாம்."

"அவ இன்னாங்க தப்பு பண்ணா?" என்றார் மேடம்.

"தப்பு பண்லன்னாலும் பேரு பேருதானேங்க."

தலைவர் பக்கத்தில் வந்து, "அவரு சொல்றது கரெக்ட்டு மேடம். நாங்க மானத்துக்கு வாழறவங்க" என்றார். சொன்னவரின் படம் எங்கள் எல்லோர் மார்பிலும் பிராந்தி வாசத்தோடு சிரித்துக்கொண்டிருந்தது. அடப்பாவிகளா என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். என் அப்பா என் மண்டையில் ஒன்று வைத்தார். மேடம் எவ்வளவோ பேசிப் பார்த்தார். பெற்றவன் வேண்டாம் என்றால் அவர் என்னதான் செய்வார்? வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் ரெய்டர் அப்பாவிடம் ஒன்றுதான் கேட்டாள். "அது யாருது நைனா? அத மட்டும் சொல்லு. நான் வூட்டுக்கு வரேன்." அவர் வேனைப் பார்த்து நடந்தார். அவள் நின்றாள், ரொம்ப நேரம் நின்றாள். ஊருக்குப் போக வேறு வண்டி இல்லை. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் கிளப் கூடி, பெண்களின் பாதுகாப்பு கருதிப் பெண்கள் அணியைக் கலைத்தது. ஒருமனதாக. பாதுகாப்பு என்றால் யாரிடமிருந்து என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அரசாங்க உத்தியோக அப்பா, பாகூரில் ப்ளஸ் ஒன் சேர்த்துவிட்டார், பிறகு கல்லூரி, பிறகு வேலை, இப்போது டவுன் பக்கம் மூலக்குளத்தில் வீடு. ஜூன் மாதம் நான் புதுப் பையோடு பஸ்ஸுக்கு நின்ற அதே இடத்தில் அவளும் நின்றாள். அவள் பஸ் முதலில் வந்தது. ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் கம்பெனியில்தான் இன்னும் இருக்கிறாள், சூப்பர்வைசராக. கல்யாணம் உள்ளூரிலேயே. அம்மா போன பிறகு அப்பா அவளோடுதான் இருக்கிறார். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்விட்டது, கட்டிலை விட்டு எழ முடியாது. வேளாவேளைக்குச் சோறு போட்டு, குளிப்பாட்டி, வேட்டி மாற்றி, ஒரு குறையில்லாமல் பார்த்துக்கொள்கிறாள். ஊரே அவளை மெச்சுகிறது. போன மாதம் ஊருக்குப் போனவள் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு குவார்ட்டரை எடுத்தாள். தினமும் வாங்கி வருவாளாம், அது இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராதாம்.

கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். "இது யாருது?" என்று கேட்டாள்.

கிழவர் என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அவள் அவசரப்படவில்லை. "யாருது நைனா?" என்றாள் மறுபடியும்.

"என்னுது" என்றார்.

"கேக்கல."

"என்னுதும்மா! என்னுது!"

பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்று, அப்பனும் மகளும் தினமும் இப்படித்தான் விளையாடுவார்கள் என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். எங்கள் ரெய்டர் மூடியைத் திருகித் திறந்து பாட்டிலை அவர் கையில் கொடுத்துவிட்டு, எனக்கு டீ போட உள்ளே போனாள்.